பழமை பேணுதலும் பழுது நீக்குதலும்

பழமைவாதி என்னும் சொல் இந்நாளில் ஒருவரைப் பாராட்டுதற்கு வழங்குவதன்று. பெரும்பாலும் பழித்தற்கே வழங்குகின்றது. புதுமையைக் கண்டு அஞ்சுபவர், செல்வர்க்கும் மேற்குலத்தார்க்கும் துணை நிற்பவர், ஏழைகளின் முன்னேற்றத்திற்கு முட்டுக்கட்டையிடுபவர் என்னும் பொருள்களெல்லாம் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டுள்ளன. இப்பழி முற்றிலும் காரணமற்றது என்று நாம் கூறத் துணியோம். ஆயினும், அரசியல் ஆராய்ச்சியில் பழமை பேணும் மரபு எனப்படுவது வெறும் பிடிவாதமன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கூரிய அறிவினர் பலர் எண்ணியும் எழுதியும் வளர்த்துவந்த ஒரு சிந்தனை மரபாகும். அதனைக் கல்லாமலே இகழ்வது கல்லூரி மாணவர்க்கு அழகன்று. கற்றபின் அதனை முழுதும் ஏற்றுக்கொள்வதும் கட்டாயமன்று. அம்மரபு எதனைக் காக்கச் சொல்கின்றது, அதற்கு எந்த நிபந்தனையை விதிக்கின்றது என்னும் இரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னையதைப் பலர் அறிவர். பின்னையதை அம்மரபைச் சார்ந்தவருள்ளும் பலர் மறந்துவிட்டனர் என்பது நம் அபிப்பிராயம்.

ஆராய்ச்சியை நம் நாட்டு ஊர் ஒன்றினின்று தொடங்குவோம். பழனிமலைத் தொடரின் மேல்மலைப் பகுதியில், கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களையொட்டிக் கூக்கால் என்னும் சிற்றூர் உளது. ஊரையடுத்து ஓர் ஏரியும், அதற்கப்பால் சோலைக்காடும் உள்ளன. மலைச்சரிவுகள் படிப்படியாக வெட்டப்பட்டு வயல்களாக்கப்பட்டுள்ளன. அவ்வயல்களில் வெள்ளைப்பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும், கோசும், பீன்ஸும் விளைகின்றன. இம்மலைப் பூண்டிற்கு 2019-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பலரும் அறிவர்.

இத்தகைய படிவயலில் உழுபவன் சமவெளி உழவனைப் போலத் தன்னிச்சையாக நடக்க இயலாது. மேல்வயலின் கரை சரிந்தால் மண் கீழ்வயலில் வந்து விழும். கீழ்வயலின் கரையை ஒருவன் பறித்தால் மேல்வயல் பிடிப்பற்று நிற்கும். ஒவ்வொரு மழைக்காலத்தின் பின்னும் எங்கேனும் ஒரு கரை நெகிழ்ந்திருக்கும். அதனை அவ்வப்போது அணைத்தே தீரல் வேண்டும். முதலில் அச்சரிவை வெட்டித் திருத்தியவர் இன்று இல்லை. அவர் பட்ட பாட்டின் பயனை இன்றிருப்பவர் நுகர்கின்றனர். இன்றிருப்பவர் கரையை அழியவிட்டால் இனி வருபவர்க்கு வழுக்குப் பாறையே எஞ்சும். இவ்வாறு இறந்தோரும், இருப்போரும், பிறவாதோரும் ஒரே நிலத்தில் பங்காளிகளாகின்றனர்.

பழமை பேணும் அரசியற் சிந்தனையின் உயிர்நாடி இப்பங்காளித்துவமே. சமூகமென்பது இன்று உயிரோடிருப்பவர் தமக்குள் செய்துகொண்ட வியாபார உடன்படிக்கை அன்று. மூன்று காலத்து மக்களையும் பிணைக்கும் உறவு என்னும் கருத்தை அழுத்தமாக உரைத்தவர் எட்மண்ட் பர்க் என்பவர். டப்ளின் நகரில் 1729-ஆம் ஆண்டு பிறந்து, ஆங்கிலப் பாராளுமன்றத்தில் நெடுங்காலம் உறுப்பினராயிருந்து, 1797-ஆம் ஆண்டு மறைந்தவர். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலே இம்மரபின் மூலநூலாகக் கருதப்படுகின்றது. பழைய ஸ்தாபனங்களையெல்லாம் ஒரே நாளில் தரைமட்டமாக்கி, அறிவின் பேரால் புதியதொரு நாட்டைக் கட்டிவிடலாம் என்று எண்ணுபவர், இறுதியில் படைத்தலைவன் ஒருவனுக்கே ஆளாவர் என்னும் கருத்துப்பட அவர் அதில் எழுதினார். அவர் இறந்து இரண்டாண்டு கழித்து, 1799-இல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது அவ்வெச்சரிக்கை பலித்தது.

பர்க் என்பவரைப் பற்றி நம் மாணவர் பலர் கேள்வியுறாத செய்தி வேறொன்று உண்டு. பிரெஞ்சு நாட்டைப் பற்றி எழுதுதற்கு ஐந்தாண்டு முன்பே, அவர் நம் தமிழ்நாட்டைப் பற்றிப் பேசியுள்ளார். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, கம்பெனி உத்தியோகஸ்தரிடம் பட்டிருந்த கடன்களைக் குறித்து, 1785-ஆம் ஆண்டு பெப்ரவரி 28-ஆம் நாள் பாராளுமன்றத்தில் அவர் நீண்டதொரு சொற்பொழிவாற்றினார். அக்கடன்களுள் பெரும்பாலானவை வஞ்சகமானவை என்றும், அவற்றை நாட்டின் வரிப்பணத்திலிருந்து தீர்ப்பது அநீதியென்றும் வாதித்தார். அச்சொற்பொழிவின் நடுவே, 1780-ஆம் ஆண்டின் ஹைதர் அலி படையெடுப்பால் கர்நாடகச் சீமை அடைந்த அழிவை விவரித்து, அந்நாட்டின் ஏரிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவையுமான ஏரிகள் பதினாயிரத்திற்குக் குறையா என்று கணக்கிட்டார். அவற்றைக் கட்டிய பூர்வீக அரசரே மெய்யான அரசர் என்றும், தாம் கண்ணாற் காணாத சந்ததியாரையும் தம் மக்களாகவே கருதியவர் என்றும் புகழ்ந்தார்.

இந்தியாவில் ஒரு நாளும் காலடி வையாத அயர்லாந்துக்காரர் ஒருவர், நம் ஏரிக்கரைகளில் தம் அரசியல் தத்துவத்தைக் கண்டுகொண்டார் என்பது வியக்கத்தக்கது. அதனினும் நாம் கருத வேண்டுவது வேறு. அச்சொற்பொழிவில் அவர் காத்து நின்றது அரசனுடைய சுகத்தையோ, கம்பெனியாருடைய லாபத்தையோ அன்று. வாயற்ற உழவருடைய நீரையும் நிலத்தையுமே. தம் நாட்டாரே ஆயினும், நெடுங்காலமாய் வளர்ந்த ஒரு நாட்டின் அமைப்பைப் பணத்திற்காகச் சிதைப்பவரைக் கண்டிக்க அவர் அஞ்சவில்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது அவர் முன்னின்று நடத்திய வழக்கின் விசாரணை 1788-இல் தொடங்கி 1795-இல் விடுதலைத் தீர்ப்போடு முடிந்தது. ஏரிகளைப் பற்றிய சொற்பொழிவும் சபையில் வெற்றி பெறவில்லை. எனினும் பழமை பேணுதல் என்பது வலியாரைத் தாங்குவது என்னும் எண்ணத்திற்கு, அம்மரபின் முதலாசிரியருடைய வாழ்க்கையே மறுப்பாக நிற்கின்றது.

இனி, அம்மரபின் கொள்கையைச் சுருங்கக் கூறுவோம். மனிதனுடைய தனியறிவு சிறிது. பல தலைமுறையினர் பட்டறிந்து சேர்த்த அறிவு பெரிது. அவ்வறிவு நூல்களில் மட்டுமன்றி வழக்கங்களிலும், சட்டங்களிலும், ஊர்க்கட்டுப்பாடுகளிலும், தொழில்முறைகளிலும் மறைந்து கிடக்கின்றது. ஒரு வழக்கத்தின் பயன் நமக்கு விளங்காத காரணத்தாலேயே அது பயனற்றது என்று தீர்மானித்தல் அவசர புத்தியாகும். ஆகவே மாற்றம் வேண்டுமென்பவனே அதன் அவசியத்தை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவன். மாற்றுங்காலும் சிறிது சிறிதாக, விளைவைக் கண்டு கண்டு, திரும்பிவர வழி வைத்துக்கொண்டு மாற்றுதல் வேண்டும்.

இவ்வெண்ணம் தமிழருக்குப் புதியதன்று. நன்னூல் செய்த பவணந்தி முனிவர், மொழியின் மரபைக் காப்பதற்கே இலக்கணம் வகுத்தவர். ஆயினும் காலப்போக்கில் பழஞ்சொற்கள் சில வழக்கொழிவதையும், புதுச்சொற்கள் சில வந்து சேர்வதையும் அவர் குற்றமென்று விலக்கவில்லை. மரபை அறிந்தவனே மாற்றத்தின் அளவையும் அறிவான் என்பது அதனால் பெறப்படும். கூக்கால் வயல்களிலேயே இதற்குச் சான்று காணலாம். இன்று மலைநாட்டுப் பயிர் என்று நாம் உரிமை கொண்டாடும் உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவில் தோன்றியது. புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டின் வகை ஒன்றுக்குச் சிங்கப்பூர் என்று பெயர். புதியதைத் தன்வயமாக்கிக்கொண்ட பழமையே நிலைத்து நிற்கின்றது.

புதுமையின் அவசரத்தால் விளையும் கேட்டிற்கும் இம்மலையே உதாரணம் தருகின்றது. பழனி மேல்மலையின் இயற்கை அமைப்பு, பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியுமாய் அமைந்தது. மழைநீரை உறிஞ்சிவைத்து ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடுவது இவ்விரண்டின் தொழில். ஆனால் மரமில்லாத நிலமெல்லாம் வெற்று நிலம் என்று கருதிய அதிகாரிகள், அப்புல்வெளிகளில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்னும் அயல்நாட்டு மரங்களை நட்டனர். அவர்கள் கெட்ட எண்ணமுடையவர் அல்லர். தோல் பதனிடுவதற்கு வாட்டில் பட்டை வேண்டியிருந்தது. விறகும், ஆலைகளுக்கு மரக்கூழும் வேண்டியிருந்தன. எனினும் 1973-ஆம் ஆண்டிற்கும் 2014-ஆம் ஆண்டிற்கும் இடையில், பழனிமலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கு மறைந்துவிட்டதென்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். மரத்தோட்டங்களோடு உழவும் அதற்குக் காரணமாயிற்று என்பதையும் நாம் மறைக்கலாகாது. வாட்டிலோ நட்ட இடத்தோடு நில்லாமல் தானாகவே பரவி வருகின்றது. அதிகாரிகள் பயனற்றதென்று எண்ணிய புல்லின் பயன், அது அழிந்தபிறகே விளங்கிற்று.

இதனைக் கேட்டவுடன், அயல்மரங்களையெல்லாம் நாளைக்கே வெட்டியெறிய வேண்டும் என்று சிலர் கூறுவர். அதுவும் முன்னையதைப் போன்ற அவசரமே. பழைய வாட்டில் தோட்டங்களின் நிழலில் சோலைமரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வளர்வதைச் சிலவிடங்களில் கண்டிருக்கின்றனர். எல்லாவற்றையும் ஒருசேர வெட்டினால் அக்கன்றுகளும் அழியும். வெறுநிலத்தில் வாட்டில் விதைகளே மீண்டும் முந்தி முளைக்கும். தவறான மாற்றத்தைத் திருத்துவதற்கும் நிதானம் வேண்டும் என்பது இதனாற் போதரும்.

அரசியலில் இம்மரபைத் தமிழ்நாட்டிலிருந்து எடுத்துரைத்தவருள் தலையாயவர் ராஜாஜி என்னும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவுப் பண்ணைகளாக உழுவதே நாட்டின் எதிர்கால வேளாண்மை முறையாக வேண்டுமென்று தீர்மானித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. ராஜாஜிக்கு அப்போது வயது 80. உழவர் தலைவராகிய என். ஜி. ரங்கா அதன் தலைவரானார். மினூ மசானி பொதுச் செயலாளரானார். எத்தொழிலைத் தொடங்கவும் சர்க்காரின் அனுமதிச் சீட்டை வேண்டி நிற்கும் நிலையை, பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம் என்று ராஜாஜி எள்ளினார்.

அவர் வாதத்தின் சாரம் யாது? உழவன் தன் நிலத்தை அறிந்ததுபோலத் தலைநகரத்து அலுவலகம் அறியாது என்பதே. எந்த வயலில் ஊற்று எந்த மாதத்தில் வற்றும், எந்தக் கரை எவ்வளவு மழையைத் தாங்கும் என்பன திட்டப் புத்தகத்தில் ஏறா. அதிகாரம் ஓரிடத்தில் குவியுமாயின், அறிவும் அங்கே குவிந்துவிட்டதென்ற மயக்கம் உண்டாகும். அக்கட்சி 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் லோக்சபையில் 18 இடங்களும், 1967-இல் 44 இடங்களும் பெற்று, பின்னதில் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக விளங்கிற்று. 1971-இல் 8 இடங்களாகத் தேய்ந்தது. ராஜாஜி 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் காலமானார். 1974-இல் கட்சியும் வேறொரு கட்சியோடு கலந்து மறைந்தது. எனினும் நாகபுரித் தீர்மானத்தின் கூட்டுப் பண்ணைகள் நாட்டில் வேரூன்றவில்லை. 1991-ஆம் ஆண்டில் காங்கிரஸ் மந்திரிசபையே தொழில் அனுமதிக் கட்டுப்பாடுகளுட் பெரும்பாலானவற்றை நீக்கியது. தேர்தலில் தோற்ற கருத்து, வாதத்தில் தோற்கவேண்டுவதில்லை.

இதுகாறும் கூறியவை ஒரு பக்கம். மறுபக்கத்தையும் நேர்நின்று நோக்காவிடில் நம் ஆராய்ச்சி வக்கீல் வாதமாய் முடியும்.

கூக்கால் போன்ற மேல்மலை ஊர்களின் படிவயல்களைப் புகழ்ந்தோம். அவ்வயல்களில் கல்லும் மண்ணும் சுமந்தவர் யாவர்? விளைவில் அவர்க்குக் கிடைத்த பங்கு யாது? மதுரைச் சீமையைப் பற்றிய பழைய ஆங்கில அரசாங்க நூல்கள், இம்மலைகளில் நிலமுடைய குன்னுவர் குடியினரிடத்தில் புலையர் குடியினர் அடிமை நிலையில் உழைத்தனர் என்று குறிப்பிடுகின்றன. அடிமைமுறையைச் சட்டம் ஏற்காதென விதித்த சட்டம் 1843-ஆம் ஆண்டில் பிறந்தது. அதற்குமுன் நெடுங்காலம், அது நாட்டு வழக்கம், அதில் கைவைத்தலாகாது என்று சொல்லி வாளாவிருந்த அதிகாரிகள் பலர். சட்டம் பிறந்தபின்னும் வழக்கம் உடனே மாறிவிடவில்லை. பண்டைய வழக்கத்தில் முன்னோரின் ஞானம் மறைந்து கிடக்கின்றது என்கிறோம். ஆனால் முன்னோருள் ஒருசாரார் மற்றொரு சாராரின் முதுகில் ஏறியிருந்த கொடுமையும் அதில் மறைந்து கிடக்கின்றதன்றோ?

இக்கேள்வியைப் பர்க் காலத்திலேயே தாமஸ் பெயின் என்பவர் வேறொரு வடிவில் எழுப்பினார். இறந்தோருக்கு இருப்போரை ஆளும் உரிமை இல்லை என்பது 1791-இல் அவர் வெளியிட்ட மறுப்பின் சாரம். நம் நாட்டில் அதனினும் கூர்மையாக எழுப்பியவர் டாக்டர் அம்பேத்கர். 1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, பழைய கிராம சமுதாயத்தைப் போற்றுவோரை அவர் கடிந்துகொண்டார். அறியாமையும், குறுகிய மனமும், சாதிக் கட்சியும் குடிகொண்ட இடமே கிராமம் என்பது அவர் துணிபு. ஆகவே ஊரையன்றித் தனிமனிதனையே அரசியல் சட்டம் அடிப்படையாகக் கொண்டமை கண்டு அவர் மகிழ்ந்தார். கரையின்மேல் நின்று வயலைக் காண்பவர்க்கு ஒரு காட்சி. கரைக்கு மண் சுமந்தவர்க்கு வேறொரு காட்சி. இரண்டும் உண்மையே.

இதற்கு விடையாக, பழமையை அடியோடு தள்ளிவிடுவோம் என்பார் உளர். அவர்க்குப் பிரெஞ்சு நாட்டின் சரித்திரமும், நம் மலையின் புல்வெளியும் எச்சரிக்கை. பழமையைத் தொடவே கூடாது என்பாரும் உளர். அவர்க்கு அம்பேத்கரின் சொல் எச்சரிக்கை. இவ்விருவர்க்கும் இடையே நின்று நாம் கூற விரும்புவது ஒன்று. பரம்பரைச் சொத்தைக் காப்பவன் சொந்தக்காரன் அல்லன், தர்மகர்த்தா. கோயிற் சொத்தின் தர்மகர்த்தா கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருப்பதுபோல, ஒரு மரபைக் காப்பவனும் அதன் பயன் பங்காளிகள் அனைவர்க்கும் சேர்கின்றதா என்று கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். பங்காளிகளிற் சிலரைப் படிக்கு வெளியே நிறுத்திவிட்டுக் காக்கப்படுவது பரம்பரைச் சொத்தன்று, அபகரித்த சொத்து. மாற்ற விரும்புபவன்மேல் மெய்ப்பிக்கும் பாரத்தை வைக்கும் இம்மரபு, காக்க விரும்புபவன்மேல் இக்கணக்கின் பாரத்தை வையாதாயின், அது தத்துவமாகாது. சுயநலத்திற்கு இட்ட திரையாகவே முடியும்.

ராஜாஜியின் வாழ்க்கையிலேயே இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கத்தக்க செயல்கள் இரண்டு உள்ளன. முதலாவது, 1939-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசம். அவ்வாண்டு ஜூலை 8-ஆம் நாள், மதுரை வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். பிரதம மந்திரியாயிருந்த ராஜாஜி, அவ்வாறு கோயிலைத் திறந்துவிட்டவர்க்கு வழக்குத் தொல்லை நேராதவாறு சட்டப் பாதுகாப்பளித்தார். சநாதனிகள் மரபு அழிந்தது என்று கூக்குரலிட்டனர். அழிந்தது யாது? கோபுரம் நின்றது; பூசை நின்றுபோகவில்லை; திருவிழா நடந்தது. வாயிலில் நின்ற தடை ஒன்றே அழிந்தது. அத்தடையை நீக்க முன்வந்தவரும் கோயிலை வெறுத்தவரல்லர், பக்தரே. வெளியே நிறுத்தப்பட்ட பங்காளி உள்ளே வந்தபின் அம்மரபு வலுப்பெற்றதேயன்றி மெலியவில்லை. பழமையைக் காக்கும் முறை இதுவே என்று நாம் துணிந்து கூறுவோம்.

இரண்டாவது, 1953-ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்வித் திட்டம். முதன்மந்திரியாயிருந்த ராஜாஜி, கிராமப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம் நடக்கவும், மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகவும் திட்டமிட்டார். பணமும் பள்ளிகளும் குறைந்த நாட்டில் இரண்டு வேளையாகப் பள்ளி நடத்தினால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்றும், கைத்தொழிலுக்கு மதிப்புண்டாகும் என்றும் அவர் கருதினார். கருத்து நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் தோட்டியின் மகனுக்கும் சலவைத் தொழிலாளியின் மகளுக்கும் பெற்றோரின் தொழில் என்பது முன்னோர் விட்டுச்சென்ற செல்வமா, முன்னோர்மேல் சுமத்தப்பட்ட விலங்கா என்று அவர்களைக் கேட்டவர் இலர். சட்டசபையைக் கலந்துகொள்ளாமலே திட்டம் தொடங்கப்பட்டது. நகரத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லை. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் பிறரும் கிளர்ச்சி செய்தனர். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இதிலுள்ள விந்தையை மாணவர் கவனிக்க வேண்டும். டில்லி அலுவலகம் உழவனைக் கேளாமல் திட்டமிடுகின்றது என்று 1959-இல் கண்டித்த அதே அறிஞர், 1953-இல் சென்னைக் கோட்டையிலிருந்து தொழிலாளியின் பிள்ளையைக் கேளாமல் திட்டமிட்டார். கிளர்ச்சி செய்தவர் தம்மைப் பழமையின் பகைவர் என்றே சொல்லிக்கொண்டனர். ஆயினும் அன்று, மக்களைக் கேளாமல் மேலிருந்து மாற்றம் செய்யாதே என்னும் பழமைவாதியின் நியாயத்தை உரைத்தவர் அவர்களே. ஒரு கொள்கையின் உண்மை, அதனைச் சொல்பவர் அணிந்திருக்கும் கட்சிச் சின்னத்தில் இல்லை.

நம்முடையதைப் போன்ற மிஷன் கலாசாலைகளும் இவ்வுரைகல்லுக்கு விலக்கல்ல. 1845-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்க மதுரை மிஷனாரும், அவர் போன்ற பிறரும் இந்நாட்டில் பள்ளிகளைத் திறந்தபோது, அவை பழமையை உடைத்த புதுமைகளாகவே இருந்தன. கல்வி எட்டாதிருந்த வகுப்பினரின் பிள்ளைகளும், பெண்பிள்ளைகளும் எழுத்தறியத் தொடங்கினர். இன்று அக்கலாசாலைகளே பழமையாகிவிட்டன. கட்டடங்கள், விடுதி வழக்கங்கள், ஆண்டு விழாக்கள், பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் காக்கத்தக்க பரம்பரைச் செல்வமென்று நாம் பேசுகின்றோம். பேசுவது தகும். ஆனால் அக்கலாசாலைகளைப் பெருமைப்படுத்தியது கற்சுவரன்று, திறந்த வாயில். சுவரைக் காத்து வாயிலைக் குறுக்குவோமாயின், பெயரளவில் மரபைக் காத்துப் பொருளில் அதனைக் கைவிட்டவராவோம். எந்தப் பிள்ளை இன்று நம் வாயிலுக்கு வெளியே நிற்கின்றான் என்று ஒவ்வொரு தலைமுறை ஆசிரியரும் மாணவரும் கேட்டுக்கொள்ளக் கடவர்.

மாணவ நண்பர்களே! பட்டம் பெற்று வெளியேறும் உங்களுட் பலர் நாளை அலுவலகங்களிலும், பள்ளிகளிலும், ஊராட்சி மன்றங்களிலும் பொறுப்பேற்பீர்கள். பழைய வழக்கம் ஒன்றை நீக்குக என்று ஒருவரும், காக்க என்று மற்றொருவரும் உங்கள்முன் வந்து நிற்பர். நீக்குக என்பவரை நோக்கி, இஃது ஏன் ஏற்பட்டது என்று அறிவீரா, நீக்கினால் எதனோடு சேர்ந்து எது விழும் என்று பார்த்தீரா என வினவுங்கள். காக்க என்பவரை நோக்கி, இதன் பாரத்தை யார் சுமக்கின்றார், பயனை யார் நுகர்கின்றார், சுமப்பவரைக் கேட்டீரா என வினவுங்கள். முதல் வினாவிற்கு விடையில்லாத சீர்திருத்தம் நாசத்தில் முடியும். இரண்டாம் வினாவிற்கு விடையில்லாத பழமை அநீதியில் முடியும். இரண்டு வினாக்களையும் அஞ்சாமல் கேட்கவும், கிடைத்த விடைக்கேற்பப் பொறுமையோடு பழுது பார்க்கவும் வல்லவர் எக்கட்சியினராயினும், அவரே முன்னோர்க்கு நன்றியுடையவர், பின்னோர்க்கு உதவுபவர்.